எலியின் பாதம்

குஷ்டரோகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பாவ புண்ணியத்தில் ஆரம்பிப்பார்கள். நான் எலியில் ஆரம்பிக்கிறேன். இந்த வியாதியின் சரித்திரத்தில் ஏறக்குறைய நூறு வருஷம், தகுந்த பிராணி ஒன்றைத் தேடிய கதைதான். அது அகப்படாத வரையில் அதன் இடத்தில் யாரை நிறுத்தினார்கள் என்ற கேள்விதான் என்னை இந்தக் கதைக்கு இழுத்தது.

1873-ஆம் ஆண்டு நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்ஸன் என்ற இளம் டாக்டர், நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த சதையில் சின்னச் சின்னக் கோல்களைப் போன்ற கிருமிகளைக் கண்டார். அவ்வூர்ப் பெரிய வைத்தியரான டானியல்ஸனோ இது பரம்பரை வியாதி என்ற கட்சி. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்ததைத் தம் உடம்பிலேயே பல தடவை செலுத்திக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் நடமாடியவர் அவர். ஹான்ஸன் அவருக்கு மாப்பிள்ளை! கல்யாணமான அந்த 1873-லேயே ஹான்ஸனின் இளம் மனைவி க்ஷயரோகத்தால் இறந்துபோனாள். க்ஷயக் கிருமியும் குஷ்டக் கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பின்னால் தெரிந்த சங்கதி.

கிருமியைக் கண்ணால் கண்டால் மட்டும் போதாது. அதைப் புட்டியில் வளர்த்து, ஆரோக்கியமான பிராணிக்குச் செலுத்தி, வியாதி வருவதைக் காட்ட வேண்டும். ஹான்ஸன் முயல்களில் முயன்றார், பலிக்கவில்லை. 1879 நவம்பரில் அவர் வேறொரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரியில் காரி நீல்ஸ்டாட்டர் என்று முப்பத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வந்திருந்தது மரத்துப்போகும் வகைக் குஷ்டம். கட்டி கட்டியாகக் கிளம்பும் வகையைச் சேர்ந்த மற்றொரு நோயாளியின் கட்டியில் தோய்த்த கத்தி முனையால் அவள் கண்ணில் குத்தினார் ஹான்ஸன். அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் ஆஸ்பத்திரிப் பாதிரியார் மூலம் வெளியே வந்தது, வழக்கு நடந்தது. 1880 மே மாதம் தீர்ப்பாயிற்று. ஹான்ஸனுக்கு அந்த ஆஸ்பத்திரி உத்தியோகம் போயிற்று. தேசம் முழுவதற்குமான குஷ்டரோக அதிகாரி பதவி மட்டும் தங்கியது. படிப்பில்லாத ஓர் ஏழைப் பெண் முறையிட்டு, கிருமியைக் கண்டுபிடித்த மேதையைக் கோர்ட்டுக் கூண்டில் நிறுத்த முடிந்தது என்பதை நினைத்தால், அந்தக் குளிர்தேசத்தின் மேல் எனக்கு மரியாதை பிறக்கிறது.

ஹவாய்த் தீவில் கியானு என்ற கைதிக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. அவன் கொலைக் குற்றவாளி. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவன். 1884-இல் எட்வர்ட் ஆர்னிங் என்ற ஜெர்மன் டாக்டர், உயிர்ப்பிச்சைக்குப் பதிலாக அவன் கையைக் கீறி நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த துண்டை வைத்துத் தைத்தார். சில வருஷங்களில் கியானுவுக்குக் குஷ்டம் வந்தது. உலகம் பரபரத்தது. ஆனால் அவன் உறவினர்களில் சிலருக்கும் அந்த வியாதி உண்டு என்று பிறகு வெளியாயிற்று. அவனுக்கு அது கத்தி வழி வந்ததா, வீட்டு வழி வந்ததா? சோதனை ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. மொலோகாய்த் தீவின் நோயாளிக் குடியிருப்பில் 1892-இல் கியானு செத்தான்.

1903-இல் ஒடெஸ்ஸா நகரத்து எலிகளுக்கு வரும் ஒருவிதக் குஷ்டத்தை ஸ்டெஃபான்ஸ்கி என்பவர் கண்டு சொன்னபோது எல்லோருக்கும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் எலியின் கிருமி வேறு, மனிதனுடையது வேறு.

வழி பிறந்தது 1960-இல். குஷ்டம் மனித உடம்பில் எங்கே குடியேறுகிறது? மூக்கு, காது மடல், விரல் நுனி — குளிர்ந்த இடங்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஷெப்பர்ட் என்ற டாக்டர், சுண்டெலியின் உடம்பில் குளிர்ந்த இடம் எது என்று யோசித்துப் பின்னங்கால் பாதத்தில் ஊசி போட்டார். சில ஆயிரம் கிருமிகள் ஆறேழு மாதத்தில் பத்து லட்சம் வரை பெருகின. நம் குடலில் வாழும் சாதாரணக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். குஷ்டக் கிருமிக்கு அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் பிடிக்கிறது. இப்படிப்பட்ட சோம்பேறியை எண்ணிக்கொண்டு மாதக் கணக்கில் உட்கார்ந்திருப்பதும் ஒரு தவந்தான்.

அந்தத் தவத்தால் யாருக்கு என்ன லாபம்? 1950 முதல் டாப்ஸோன் மாத்திரை நோயாளிகளுக்குப் பெரிய வரமாக இருந்து வந்தது. பல வருஷம் கழித்துச் சிலருக்கு வியாதி திரும்பியது. இத்தகைய சமயத்தில், நோயாளி மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று சொல்லிவிடுவதைப் போலச் சுலபம் வேறில்லை. ஏற்கெனவே ஊர் ஒதுக்கியவன். அவன் பேச்சை யார் நம்புவார்கள்? 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோ ஆஸ்பத்திரி நோயாளிகளின் கிருமிகளை பெட்டிட்டும் ரீஸும் சுண்டெலிப் பாதத்தில் செலுத்தி, அந்த எலிகளுக்கு டாப்ஸோன் கலந்த தீனி போட்டார்கள். மருந்தை லட்சியம் செய்யாமல் கிருமி வளர்ந்தது. மருந்தைத் தாங்கக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது, நோயாளிமேல் பிசகில்லை. மனிதன் சொல்லி எடுபடாத சாட்சியத்தை எலி சொன்னது. 1982-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைச் சிபாரிசு செய்ததற்கு இந்த அபாயமே பெரிய காரணம்.

எலியின் பாதத்தில் கிடைக்கும் கிருமி சோதனைக்குப் போதும். தடுப்பூசி செய்யவோ, கிருமியின் உட்கூறுகளை ஆராயவோ காணாது. அதற்குக் கிடைத்த பிராணி ஆர்மடில்லோ. நம் அழுங்கைப்போல் முதுகில் கவசம் உடையது. ஆனால் அதற்கு உறவல்ல. உடம்புச் சூடு 32 முதல் 35 டிகிரி வரைதான். ஒரே கருவிலிருந்து அச்சு மாறாத நான்கு குட்டிகள் போடும். 1971-இல் லூயிஸியானாவில் எலினர் ஸ்டார்ஸ் என்ற அம்மையாரும் கிர்ஹைமரும் இதற்குக் குஷ்டம் வரவழைத்துக் காட்டினார்கள். நோய் முற்றியதன் ஈரலில் கிராமுக்கு நூறு கோடி கிருமிகள்! கூண்டில் எளிதில் இனம் பெருக்காததால், வேண்டியபோதெல்லாம் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். அது கேட்டா வந்தது? நார்வேக் கோர்ட்டின் நினைவு இந்த இடத்தில் எனக்கு வராமல் இல்லை. என்றாலும், காரியின் கண்ணா, இந்தப் பிராணியின் ஈரலா என்று கேட்டால் நான் தயங்கமாட்டேன்.

பிற்பாடு ஒரு வேடிக்கை நடந்தது. சோதனைச்சாலையைக் காணாத காட்டு ஆர்மடில்லோக்களுக்கும் இந்த வியாதி இருப்பது 1975-இல் தெரிந்தது. தென் அமெரிக்க ஐக்கிய மாகாணங்களில் சிலருக்கு இவற்றிடமிருந்தே வியாதி தொற்றியிருக்க வேண்டும் என்று 2011-இல் கிருமிகளின் வம்சாவளியை ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆதியில் இந்தக் கிருமியை அக்கண்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனவன் மனிதன். காட்டுப் பிராணிக்குக் கொடுத்தவனும் அவனே.

ஆர்மடில்லோவின் ஈரலில் வளர்த்துக் கொன்ற கிருமி நம் செங்கற்பட்டுப் பக்கமும் வந்தது. 1991-இல் அங்கே தொடங்கிய தடுப்பூசிச் சோதனைக்கு 1,71,400 பேர் தாமாகவே முன்வந்து கையை நீட்டினார்கள். க்ஷயத்துக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியுடன் இந்தக் கிருமியையும் சேர்த்துப் போட்டதில், நூற்றுக்கு 64 பங்கு பாதுகாப்புக் கிடைத்ததாக 1998-இல் அறிக்கை வந்தது.

புட்டியில் மட்டும் அது இன்றுவரை வளரவில்லை. ஏன் என்பது 2001-இல் ஓரளவு விளங்கியது. அந்த ஆண்டு பிரெஞ்சு, ஆங்கில விஞ்ஞானிகள் இந்தக் கிருமியின் ஜீன்கள் அனைத்தையும் எழுத்து எழுத்தாகப் படித்து முடித்தார்கள்; மொத்தம் முப்பத்திரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். வேலை செய்யும் ஜீன்கள் ஆயிரத்து அறுநூறு. செத்துக் கிடப்பவை ஆயிரத்து நூறுக்கு மேல். தானாகப் பிழைப்பதற்கான சாமான்களையெல்லாம் எறிந்துவிட்டு, அடுத்தவன் வீட்டிலேயே தங்கிவிட்ட விருந்தாளி அது. படித்த கிருமியை ஆர்மடில்லோவில் வளர்த்துத்தான் எடுத்தார்கள். அதற்கு முன்னால் அது நம் பக்கத்து நோயாளி ஒருவரின் உடம்பில் இருந்தது. கட்டுரையில் அவர் பெயர் இல்லை. கிருமியின் வம்சத்துக்கு மட்டும் டி.என். என்று பெயரிட்டிருக்கிறார்கள் — தமிழ்நாடு.