மரக்கூழ்த் தாளில் வளர்ந்த கதையிலக்கியம்

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் நூலுருப் பெற்றவற்றையே சான்றாகக் கொள்வர். பொதுமக்கள் சில சதங் கொடுத்து வாங்கி, வாசித்தபின் வீசியெறிந்த சஞ்சிகைகள் அவர்தங் கருத்திற் படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மலிவுக் கதைச் சஞ்சிகைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, இப்புறக்கணிப்புப் பொருந்தாதென்பது புலனாகும்.

இவற்றின் தோற்றத்துக்கு ஏதுவாயமைந்தவை மூன்று. முதலாவது தாள். கந்தைத் துணியினின்று தாள் செய்தல் செலவு மிக்கது. 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை கண்டறியப்பட்டபின், தாளின் விலை படிப்படியாகக் குறைந்தது. இரண்டாவது, பருவ வெளியீடுகளுக்குக் குறைந்த கட்டணம் வகுத்த 1879ஆம் ஆண்டின் அஞ்சற் சட்டம். மூன்றாவது, பொதுக் கல்வியின் பரவல். அதனால் தொழிலாளரும் கடைச் சிற்றூழியரும் வாசகராயினர்.

இவ்வாய்ப்பை நன்குணர்ந்தவர் பிராங்க் மன்சி என்பவர். 1882இல் சிறுவர் வார இதழாகத் தாம் தொடங்கிய 'ஆர்கசி'யை, 1896இல் முற்றிலுங் கதைகளே கொண்டதாக்கி, முரட்டு மரக்கூழ்த் தாளில் அச்சிட்டார். விலை 10 சதம். வாசகர் விரும்புவது கதையையேயன்றித் தாளையன்று என்னும் அவரது துணிபு பொய்க்கவில்லை. பிறரும் அவ்வழியே சென்றனர்.

காலப்போக்கிற் கதைவகைக்கொரு சஞ்சிகை தோன்றலாயிற்று. 1915இல் துப்பறியுங் கதைகளுக்கும், 1923இல் 'வியட் டேல்ஸ்' என்னும் பெயரில் அமானுடக் கதைகளுக்கும், 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் பெயரில் விஞ்ஞானக் கதைகளுக்கும் தனி இதழ்கள் எழுந்தன. எழுத்தாளர் சொற்கணக்கிற் கூலி பெற்றமையின் விரைந்தெழுதினர். ஆதலின் அவற்றிற் பதர் மிகுதி. பிற இனத்தாரை இழித்துக் காட்டுங் குறையும் உண்டு. இவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

எனினும், அப்பதரிடையே மணியும் இருந்தது. 1920இல் தோன்றிய 'பிளாக் மாஸ்க்' இதழில் எழுதிய டஷியல் ஹமெற், துப்பறியும் நிறுவனமொன்றிற் பணியாற்றியவர். அவர் துப்பறியுங் கதையைச் செல்வர் மாளிகையினின்று நகரத் தெருவுக்குக் கொணர்ந்தார். அலங்காரங் களைந்த நடையொன்றையும் வகுத்தார். 1929இல் அவ்விதழிற் றொடராக வெளிவரத் தொடங்கிய அவரது 'மோல்ற்றீஸ் பல்கன்', பிற்காலத் திறனாய்வாளர் போற்றும் நாவலாயிற்று. 1933இல் அவ்விதழிலேயே றேமண்ட் சாண்ட்லரின் முதற் றுப்பறியுங் கதையும் வெளிவந்தது.

போர்க்காலத் தாட்பஞ்சம், சித்திரக்கதை இதழ்கள், 1939 முதல் 25 சதத்துக்கு விற்ற சட்டைப்பை நூல்கள், தொலைக்காட்சி என்பன இச்சஞ்சிகைகளை நலிவித்தன. 1949இல் ஸ்றீற் அன்ட் சிமித் நிறுவனம் தன் மரக்கூழ்ச் சஞ்சிகைகளுட் பெரும்பாலானவற்றை நிறுத்தியது.

பிறப்புக்கு ஏதுவான தாளே அழிவுக்கும் ஏதுவாயிற்று. அத்தாளிலுள்ள அமிலம் ஏடுகளைப் பழுப்பாக்கி நொறுக்கும். நூலகங்கள் பல அவற்றைப் பேணவில்லை. எஞ்சியவற்றுட் பல தனிப்பட்டோர் ஆர்வத்தாற் காக்கப்பட்டவை. தாளின் மலிவைக் கொண்டு கதையின் தகுதியை அளந்தமையால், ஒரு தலைமுறையின் எளிய மக்கள் எதனை விரும்பி வாசித்தனர் என்பதற்கான சான்றின் ஒரு பகுதி மீளாதொழிந்தது. வரலாறு பயில்வோர் சிந்திக்கற்பாலது இவ்விழப்பேயாம்.