குரு தூங்கிய நேரம்
கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் பிறந்த கதை

விருத்தாசலத்துக்காரர்களுக்கு அற்புதக் கதைகள் புதிதல்ல. சுந்தரர் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊரறிந்த கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். கிழத்தி என்று விளித்துப் பாடிய குருநமசிவாயருக்கு முதலில் கிழவியாகவும், மாற்றிப் பாடியதும் இளம்பெண்ணாகவும் வந்து சோறு கொடுத்தாளாம் இந்த ஊர் அம்மன். அவள் பெயர் பெரியநாயகி.

அதே பெயரில், அதே வட்டாரத்தில், முகாசாபரூருக்குப் பக்கத்தில் இன்னொரு கோயில் இருக்கிறது. கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில். கையில் குழந்தை இயேசுவோடு, தமிழ்ப் பெண்ணாகச் சேலை கட்டி நிற்கும் மாதா. தை மாதத் திருவிழாவில் தேர் ஓடும். வேண்டுதலோடு வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. இதைக் கட்டியவர் வீரமாமுனிவர்.

இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் கொன்ஸ்தான்சோ பெஸ்கியாகப் பிறந்த அவர், இயேசு சபைத் துறவியாகி, 1710-இல் கோவாவில் இறங்கி, மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் 1747-இல் இறக்கும்வரை அவர் வாழ்க்கை தமிழோடுதான். அவர் கோணான்குப்பத்துக்கு வந்த கதையை ஊரார் சிற்சில மாற்றங்களோடு சொல்கிறார்கள். சாரம் இதுதான்.

மாதா சொரூபங்களை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்து போன முனிவர், களைத்துப்போய்க் காட்டில் ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டார். அங்கே ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் ஒரு சொரூபத்தை எடுத்துப் புதருக்குள் ஒளித்துவிட்டார்கள். விழித்துப் பார்த்தவர் தேடினார், கிடைக்கவில்லை. வேறு வழியின்றிக் கிளம்பிப் போய்விட்டார்.

முகாசாபரூர்ப் பாளையத்தை ஆண்ட கச்சிராயருக்கு நெடுநாளாகப் பிள்ளை இல்லை. அவர் கனவில் ஒரு பெண் தோன்றி, காட்டில் கிடக்கும் தன் உருவத்துக்கு ஒரு கோயில் கட்டினால் குழந்தை பிறக்கும் என்றாளாம். ஆட்களை விட்டுத் தேடினார்கள். புதரில் சொரூபம் கிடைத்தது. கச்சிராயர் சின்னதாக ஒரு கோயில் எழுப்பினார், பிள்ளையும் பிறந்தது. அந்தச் சொரூபம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பிறகு அந்த வழியாக வந்த முனிவர், தான் தொலைத்தது வழிபாட்டில் இருப்பதைக் கண்டார். கச்சிராயர் உதவியோடு பெரிய கோயில் கட்டினார். தமிழ்ப் பெண் கோலத்தில் மாதாவை வரைந்து மணிலாவுக்கு அனுப்பி, அங்கே செய்வித்த சொரூபத்தை இங்கே நிறுவினார் என்பது மரபு. வட்டாரத்து வாய்க்குப் பழகிய பெயரையே மாதாவுக்கும் வைத்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டர் அச்சில் களிக்கரைசலை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மட்டும் களி ஓடு கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டி, ஓடு இறுகியதும் அச்சைப் பிரித்து, பிசிறு தட்டிக் காயவைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். தல வரலாறுகளும் அப்படி ஓர் அச்சில் வார்த்தவைதான். தொலைந்த சிலை, மேய்ச்சல்காரச் சிறுவர், பெரியவரின் கனவு, பிள்ளை வரம். சிவன் கோயிலோ அம்மன் கோயிலோ மாதா கோயிலோ, தமிழ்நாட்டில் கதை பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வெளியே வரும். நடந்தது எது, பின்னால் சேர்ந்தது எது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் கோணான்குப்பத்து வார்ப்பில் தட்டி எடுக்காமல் விட்ட பிசிறு ஒன்று இருக்கிறது. அற்புதம் நடந்தபோது குரு அங்கே இல்லை. அவர் தூங்கினார், சிலையைத் தொலைத்தார், தேடித் தோற்றார், போய்விட்டார். கச்சிராயர் தலையில் அவர் கை வைக்கவில்லை, அவருக்காக ஜெபிக்கவும் இல்லை. திரும்பி வந்தவர் செய்ததெல்லாம் கண்டு வியந்ததும் கோயில் கட்டியதும்தான். தங்கள் குருவைப் பெருமைப்படுத்த வேண்டிய கதையில் அவரைத் தூங்கவிட்ட அந்தப் பழைய கிறிஸ்தவர்களுக்கு வல்லமை யாருடையது என்பதில் குழப்பமே இருந்ததில்லை.

வீரமாமுனிவரை நோய் தீர்த்தவராகச் சொல்லும் கதையும் உண்டு. ஏலாக்குறிச்சியில், அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் குணமாக்கினார் என்பார்கள். அந்தக் கதையிலும் ஜெபத்தோடு பச்சிலையும் ஊற்றுமண் பூச்சும் வருகின்றன. மருந்தை ஒதுக்கிவைத்த விசுவாசம் அவர் பேரில் சொல்லப்படவில்லை. அவரை இன்று தமிழ்நாடு நினைப்பதும் இவற்றுக்காக அல்ல. 3,615 பாட்டுகள் கொண்ட தேம்பாவணிக்காக, 1732-இல் முடித்த சதுரகராதிக்காக, தொன்னூல் விளக்கத்துக்காக.

ஜெபத்தால் நோய் தீர்க்கும் அற்புத ஊழியத்தின் இன்றைய வடிவத்துக்கும் தமிழ் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் வழிநடத்திய சபைகளில் எழுப்புதல் உண்டாகி, அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் தரிசனமும் வெளிப்பட்டன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் அசூசாத் தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906-இல்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி.ஜி.எஸ். தினகரன் போன்ற ஊழியர்களின் கூட்டங்கள் மைதானங்களை நிறைத்தன. பிறகு தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி. ஊர் முனையில் சுவரொட்டி ஒட்டியிருந்தால் பாருங்கள். ‘அற்புத சுகமளிக்கும் கூட்டம்’ என்ற எழுத்துக்குச் சமமாக ஊழியர் முகம் இருக்கும். கோணான்குப்பத்துக் கதையில் மரத்தடியில் படுத்திருந்தவர் இந்தக் கதையில் மேடைக்கு நடுவே வந்துவிட்டார்.

நோயாளிகள் மேல் கை வைக்கச் சொன்னது வேதம்தானே என்று கேட்பார்கள். சொன்னதுதான். நோயாளிக்காக ஜெபிப்பது சபையின் வேலை, அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே வேதத்தில், குணமான தொழுநோயாளியிடம் இதை யாருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியரிடம் காட்டு என்கிறார் இயேசு. அன்றைய சட்டப்படி தேறியதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் ஆசாரியர். நோயாளி சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறது யாக்கோபு நிருபம். அழைக்கச் சொன்னது உள்ளூர் மூப்பர்களை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த ‘முள்’ நீங்க மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை. துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் அற்புதத்தைச் சோதிக்காமல் ஏற்பதில்லை. லூர்து நகரில் குணமானதாக ஆயிரக்கணக்கானோர் சொன்னாலும், மருத்துவர்கள் ஆராய்ந்து, ஆயர் ஏற்று, எழுபதாவது அற்புதம் அறிவிக்கப்பட்டது 2018-இல்தான். குணமளிக்கும் வழிபாடுகளில் ஆர்ப்பாட்டமும் நாடகத்தன்மையும் கூடாது என்று 2000-இல் வத்திக்கான் எழுத்தில் கொடுத்திருக்கிறது. நம் தேவசகாயம் பிள்ளை 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதற்கும் ஓர் அற்புதம் தேவைப்பட்டது. இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று சொல்லப்பட்ட கருவிலிருந்த குழந்தைக்குத் துடிப்பு திரும்பிய நிகழ்ச்சி அது. அதை நடத்திவைத்ததாகச் சொல்லிக்கொள்ள மேடையில் யாரும் இல்லை.

நாட்டின் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. மந்திர நிவாரணங்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய், நீரிழிவு, பக்கவாதம் எல்லாம் இருக்கின்றன. கச்சிராயர் வீட்டுக் கவலையான பிள்ளையின்மையும் இருக்கிறது.

கோணான்குப்பத்துக்குப் போங்கள், கூட்டங்களுக்கும் போங்கள், மனமுருகி வேண்டுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குணமானால் பரிசோதித்து உறுதி செய்துகொண்டு பிறகு சாட்சி சொல்லுங்கள். குணமாகாதவரிடம் உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் ஊழியரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். வல்லமை தன்னுடையதல்ல என்று அறிந்த ஊழியர் அப்படிப் பேசமாட்டார்.