கை ஒழியாதோர் பார்க்கும் படம்

1894 ஏப்ரலில் நியூயார்க்கில் எடிசனின் கினெட்டாஸ்கோப் பெட்டிகள் காசுக்குப் படம் காட்டின. ஒரு நிமிடமும் ஓடாத படங்கள். சுருளை மின்பொறி சுழற்றும். பார்ப்பவர் துளையில் கண் வைத்தால் போதும். சில ஆண்டுகளில் வந்த மியூட்டாஸ்கோப்பிலோ கைப்பிடியைப் பார்ப்பவரே சுழற்ற வேண்டும். கை நின்றால் படமும் நிற்கும்.

பிறகு வந்த நெடும்படம் கையை விடுவித்தது. 1937இல் 'சதி அகல்யா'வைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அமைந்த சேலத்தில் நம் முன்னோர் கைகட்டி அமர்ந்து படம் பார்த்தனர். அதற்குப் பட்டறை வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சலங்கை கோப்பவர் முன்னே, தண்ணீர்ச் செம்பில் சாய்த்த கைப்பேசி ஓடுகிறது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபின் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அவ்விடத்தைப் பிடித்தன. படம் மீண்டும் நிமிடக் கணக்குக்குச் சுருங்கிற்று. பழைய கைப்பிடியும் கட்டைவிரலாகத் திரும்பி வந்தது. (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர் சிரிக்கின்றனர்.) தள்ளாவிட்டால் அதே காட்சிதான் சுழலும்.

குரலால் திரையை நகர்த்தும் செயலியைக் கூகுள் 2018இல் வெளியிட்டது, கை இயங்காதோரை எண்ணி. இவருக்கோ கை இயங்குகிறது, ஒழிவதில்லை. கூலி செய்த வேலைக்குத்தான். ஆகவே சுண்டுவிரல் கணுவால் தள்ளுகிறார். அதற்கும் நேரமில்லாதபோது ஒரே பாட்டு பத்து முறை ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவரும் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறார்.