'ஆப்பிரிக்கன் குவீன்': படத்தில் மூழ்கிய கப்பல், நிஜத்தில் மிதந்த கப்பல்

ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி ஆப்பிரிக்கன் குவீன்' (1951) முதல் உலகப்போர்க் காலக் கதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஓட்டைப் படகு. அதை ஓட்டும் குடிகாரராக ஹம்ப்ரி போகார்ட், அவருடைய ஜின் பாட்டில்களை ஆற்றில் கவிழ்க்கும் பாதிரியாரின் தங்கையாக காதரின் ஹெப்பர்ன். சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் டார்பிடோ செய்து, ஜெர்மன் போர்க்கப்பலைத் தகர்க்கக் கிளம்புகிறார்கள். தூக்கு மாட்டும் நேரத்தில், முதலில் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று எதிரி கேப்டனிடமே கேட்பார் போகார்ட். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

மூலக்கதை ஃபாரெஸ்டர் 1935ல் எழுதிய நாவல். அதற்குப் பின்னால் இருக்கும் நிஜச் சம்பவம் இன்னும் கூத்து.

1915ல் டாங்கன்யிகா ஏரி ஜெர்மானியர் வசம். அதைப் பிடிக்க பிரிட்டன் இரண்டு மோட்டார் படகுகளை அனுப்பியது. கேப் டவுன் வரை கப்பல், காங்கோவுக்குள் ரயில். அதற்கப்புறம் ரோடே கிடையாது. காட்டை வெட்டி, நீராவி டிராக்டரும் மாடுகளும் கட்டி மலைமேல் இழுத்தார்கள். தலைவர் ஸ்பைசர்-சிம்சன் ஒரு வினோத மனிதர், பாவாடை கட்டிக்கொண்டு திரிவார். படகுகளுக்குப் 'பூனை', 'நாய்' என்று பெயர் வைக்கக் கேட்டார். கடற்படைத் தலைமை மறுத்துவிட்டது. உடனே 'மிமி', 'டூடூ' என்று வைத்தார். பிரெஞ்சுக் குழந்தை மொழியில் 'மியாவ்', 'வவ்வவ்' மாதிரி. அது தலைமைக்குப் புரியவில்லை போல!

இந்தப் படகுகள் டிசம்பர் 26ல் ஒரு ஜெர்மன் கப்பலைப் பிடித்தன. 1916 பிப்ரவரியில் ஸ்பைசர்-சிம்சனின் படை இன்னொன்றை மூழ்கடித்தது. மறுநாள் பெரிய கப்பலான 'கோட்சன்' கண்ணில் பட்டதும், ஸ்பைசர்-சிம்சன் தாக்கவே மறுத்துவிட்டார். படத்தில் போகார்ட் செய்ததை நிஜத்தில் யாரும் செய்யவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஜெர்மன் படை கிராமத்தைக் கொளுத்தி ஆட்களைப் பிடித்துப் போவதைப் படம் ஆரம்பத்திலேயே காட்டுகிறது. ஆனால் அதே போரில் பிரிட்டிஷ் தரப்புக்குச் சுமை தூக்கி, நோயிலும் பசியிலும் செத்த பல்லாயிரம் ஆப்பிரிக்கர்கள் அதில் இல்லை. மிமிக்கும் டூடூவுக்கும் வழி வெட்டியவர்களும் இல்லை. ஸ்பைசர்-சிம்சனின் பாவாடை வரை எழுதி வைத்த வரலாறு, அவர்களில் பெரும்பாலோர் பெயரைக்கூட எழுதவில்லை.

கோட்சன்? 1916 ஜூலையில் ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். பின்னால் எடுக்கலாம் என்று எஞ்சினுக்கு நன்றாகக் கிரீஸ் பூசிவிட்டுத்தான். 1924ல் பிரிட்டிஷார் அதைத் தூக்கியெடுத்தார்கள். 1927 முதல் 'லியெம்பா' என்ற பெயரில், அதே ஏரியில் பல பத்தாண்டுகள் கரையோர மக்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியது.