இருக்கையும் காரணமும்: ரொக்கிட்டான்ஸ்கி, விர்ச்சோ

போஸ்ட்மார்ட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காவல் நிலையம். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்று ஏதோ ஒன்று. உடலை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று மார்ச்சுவரி வாசலில் தவிக்கும் உறவினர்களின் முகம் கூடவே வரும். ஆனால் மருத்துவத்தின் போக்கை மாற்றியது வேறொரு வகை அறுப்பு. நோயில் கிடந்து இறந்தவரின் உடலுக்குள் அந்த நோய் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே செய்த அறுப்பு அது.

அதற்கு இலக்கணம் வகுத்தவர் இத்தாலியின் படுவா நகரத்து மோர்காக்னி. 1761இல், தம் 79ஆம் வயதில் அவர் வெளியிட்ட பெருநூலின் தலைப்பிலேயே இரண்டு சொற்கள் இருந்தன: நோய்களின் இருக்கைகள், நோய்களின் காரணங்கள். நோய் உடலில் எங்கே குடியிருக்கிறது? ஏன் வந்தது? நூறாண்டு கழித்து, 1862இல் வியன்னாவில் நோய்க்குறியியலுக்கென்று எழுந்த புதிய கட்டடத்தின் முகப்பில் அதே இரண்டு சொற்களைப் பொறித்தார்கள். அங்கே தலைமை வகித்தவர் கார்ல் ரொக்கிட்டான்ஸ்கி. அவரையும் பெர்லினின் ருடால்ஃப் விர்ச்சோவையும் சேர்த்துப் படிக்கும்போது அந்த முகப்பு எழுத்தே எனக்கு அளவுகோலாகிவிடுகிறது. இருக்கையைக் கண்டுபிடிப்பதில் இருவரும் மேதைகள். காரணம் சொல்லப் போன இடத்தில் இருவருமே தடுக்கினார்கள். தடுக்கியபின் எழுந்த விதத்தில்தான் அவர்கள் எனக்கு வேறு வேறு மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

ரொக்கிட்டான்ஸ்கி 1804இல் போஹீமியாவில் பிறந்தவர். ஐரோப்பாவின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றான வியன்னா பொது மருத்துவமனையின் பிண அறை இளம் வயதிலேயே அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அறைக்கு வந்து சேர்ந்தார்கள். 1866இல் தம் 30,000ஆவது உடற்கூறாய்வை அவர் செய்து முடித்தார் என்பது வியன்னாவில் பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு. ஞாயிறு, பண்டிகை எதையும் விடாமல், நாளுக்கு இரண்டு உடல் என்று 41 ஆண்டுக்கு மேல் உழைத்தால்தான் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியும்.

எண்ணிக்கையைவிட அவருடைய கண் பெரிது. ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கான உடல்களில் பார்த்தவருக்கு மட்டும் புலப்படும் வேறுபாடுகள் அவருக்குப் புலப்பட்டன. நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் பற்றும் நிமோனியா வேறு, மூச்சுக்குழல்களை ஒட்டித் திட்டுத் திட்டாகப் பரவும் நிமோனியா வேறு என்று தெளிவாகப் பிரித்தார். கல்லீரல் சில நாட்களில் மஞ்சளாகிச் சுருங்கிப்போகும் கொடிய நோயை விவரித்தார். படுக்கையில் இருக்கும் நோயாளியின் மார்பைத் தட்டியும் காதுவைத்துக் கேட்டும் நோயைக் கணித்த அவருடைய நண்பர் ஸ்கோடாவுக்கு, கணித்தது சரியா என்று மறுநாள் சொல்ல இந்தப் பிண அறை இருந்தது. வார்டும் மார்ச்சுவரியும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட அந்தப் பழக்கம்தான் வியன்னாவின் புகழுக்கு அடிப்படை.

ஆனால் சில உடல்கள் அவரை ஏமாற்றின. காய்ச்சலில் வாடி இறந்தவரைத் திறந்தால் உள்ளே எல்லா உறுப்பும் ஏறக்குறைய நன்றாக இருக்கும். அப்படியானால் நோய் எங்கே இருந்தது? ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ரொக்கிட்டான்ஸ்கி முடிவு செய்தார். ரத்தத்தில் உள்ள புரதங்களின் சேர்மானம் கெடுகிறது, அந்தக் கெட்ட நீர் கசிந்து, அதிலிருந்து புதிய செல்களும் கட்டிகளும் உருவாகின்றன என்று ஒரு முழுக் கோட்பாட்டைக் கட்டினார். அவருடைய மூன்று தொகுதிக் கையேட்டின் பொதுப் பகுதி 1846இல் வெளிவந்தபோது அந்தக் கோட்பாடு அதன் நடுநாயகமாக நின்றது. கண்ணால் கண்டதை மட்டுமே எழுதி வந்தவர், காணாத ஒன்றுக்கு இலக்கணம் எழுதிவிட்டார்.

அதே ஆண்டு பெர்லினிலிருந்து அதற்குக் கடுமையான மதிப்புரை வந்தது. எழுதியவருக்கு வயது 25. சாரிட்டே மருத்துவமனையின் பிண அறையில் வேலை பார்த்துவந்த விர்ச்சோ. ஆதாரமில்லாத கற்பனை என்று அந்த ரத்தக் கோட்பாட்டை அவர் பிய்த்துப் போட்டார். உறுப்பு உறுப்பாக ரொக்கிட்டான்ஸ்கி செய்திருந்த விவரிப்புகளில் அவர் கை வைக்கவில்லை. அவர் உடைத்தது காரணத்தை மட்டும்.

இதைச் சொல்லும் உரிமை அந்த இளைஞருக்கு இருந்தது. முந்தைய ஆண்டுதான், மண்ணீரல் வீங்கி, மூக்கில் ரத்தம் கசிந்து இறந்த 50 வயது சமையல்காரப் பெண் ஒருத்தியின் ரத்தத்தை அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருந்தார். வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடந்தன. அதே காலத்தில் எடின்பரோவில் இப்படியொரு நோயாளியைப் பார்த்த பென்னெட், ரத்தத்தில் சீழ் பிடித்துவிட்டது என்று நினைத்தார். இது சீழ் அல்ல, ரத்தத்தின் சொந்த அணுக்களே பெருகிவிட்டன என்றார் விர்ச்சோ. 1847இல் அதற்கு லுகேமியா என்று பெயரிட்டார். ரொக்கிட்டான்ஸ்கியும் விர்ச்சோவும் இருவருமே ரத்தத்தைத்தான் கேள்வி கேட்டார்கள். ஒருவர் அதைப் பற்றிச் சிந்தித்தார், மற்றவர் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். 30,000 உடல்களும் ஒரு வெறுங்கண்ணுக்குச் சொல்ல மறுத்தது அந்த ஒரு சொட்டில் தெரிந்தது.

அங்கிருந்து விர்ச்சோவின் பாதை நேராகச் சென்றது. எந்தச் செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது என்று 1855இல் அவர் எழுதினார். பெர்லினிலேயே ராபர்ட் ரேமாக் அதை முன்னரே காட்டியிருந்தார். அவருக்குச் சேர வேண்டிய பெயரை விர்ச்சோ அன்று கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல். 1858இல் அவர் ஆற்றிய 20 சொற்பொழிவுகள் ‘செல் நோயியல்’ என்ற நூலாயின. நோயின் இருக்கை உறுப்பிலிருந்து திசுவுக்கும், திசுவிலிருந்து செல்லுக்கும் இறங்கியது. இன்று புற்றுநோய்ச் சந்தேகத்தில் ஒருவரின் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பும்போது, நாம் அந்தச் சொற்பொழிவுகளின் வழியில்தான் நடக்கிறோம்.

காரணத்தைத் தேடிச் சென்ற இடத்தில் விர்ச்சோ காட்டிய துணிச்சலை மறக்கவே கூடாது. 1848 தொடக்கத்தில் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் கொள்ளை கொண்டது. பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. ஏறத்தாழ மூன்று வாரம் அங்கே பசியில் கிடந்த போலிஷ் மொழி பேசும் ஏழைகளின் வீடுகளில் நுழைந்து பார்த்தார். மருந்துச்சீட்டை எதிர்பார்த்த அரசுக்கு அவர் கொடுத்த அறிக்கை கல்வி, சுயாட்சி, போலிஷ் மொழிக்கு உரிமை, சாலை, நியாயமான வரி என்று கேட்டது. பிண அறையில் பயின்ற ஒருவர், நோயின் இருக்கை உடலில் இருந்தாலும் காரணம் ஆட்சியில் இருக்கலாம் என்று ஆள்வோரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஊர் திரும்பிய சில நாட்களில் பெர்லின் தெருக்களில் புரட்சிக்காரர்களின் தடுப்பரண்கள் எழுந்தபோது அங்கேயும் நின்றார். அதற்கு விலையும் கொடுத்தார். மறு ஆண்டே வேலையை விட்டு வூர்ஸ்பர்க் போக வேண்டியிருந்தது.

ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிராக வந்தபோது அவர் தயங்கினார். காசநோயில் தெரியும் முடிச்சுகள் ஒரு நோய், பாலாடைக்கட்டிபோல் அழுகும் நுரையீரல் வேறு நோய் என்று அவர் பல ஆண்டு வாதிட்டார். 1882இல் ராபர்ட் கோக் இரண்டிலும் ஒரே கிருமி இருப்பதைக் காட்டினார். கிருமிக்கு அத்தனை பெரிய இடம் கொடுக்க விர்ச்சோவுக்கு மனம் வரவில்லை. நியாண்டர்தால் பள்ளத்தாக்கில் கிடைத்த மண்டையோட்டையும் நோயால் உருத்திரிந்த எலும்பு என்றே சொன்னார்.

இந்த இடத்தில் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவரின் கதையைச் சொல்லாமல் கடக்க முடியாது. இருவரையும் ஒரே சமயத்தில் சோதித்த கதை அது. வியன்னா மகப்பேறு மருத்துவமனையில், மாணவர்கள் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் சாரிசாரியாக இறந்தார்கள். தாதிகள் பார்த்த இரண்டாவது பிரிவில் சாவு மிகக் குறைவு. 1847இல் பேராசிரியர் கோலெட்ஷ்கா ஓர் அறுப்பின்போது விரலில் கத்தி பட்டு இறந்தார். அவருடைய உடலில் தெரிந்த மாற்றங்கள் அந்தத் தாய்மார்களின் உடலில் தெரிந்தவையாகவே இருந்தன. பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்குப் போகும் கைகளே விஷத்தைக் கொண்டு போகின்றன என்று செம்மல்வைஸ் உணர்ந்தார். குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவில் ஜூனில் 2 பேர் இறந்தார்கள்.

இது ரொக்கிட்டான்ஸ்கிக்கு எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுவதும் போற்றி வளர்த்த பிண அறைதான் அந்தத் தாய்மார்களின் சாவுக்கு ஊற்று என்று அவருடைய கூடத்திலேயே அறுப்புப் பயின்ற ஒருவர் சொல்கிறார். அவர் செம்மல்வைஸை ஆதரித்தார். வியன்னாவில் அந்தப் பக்கம் நின்ற மூன்று பெரியவர்கள் ஸ்கோடா, ஹெப்ரா, ரொக்கிட்டான்ஸ்கி. பெர்லினில் விர்ச்சோ அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஜெர்மன் மருத்துவ உலகில் அவர் சொல்லுக்கு இருந்த எடை அளவுக்கு அந்த மறுப்பும் கனத்தது.

ரத்தக் கோட்பாட்டை ரொக்கிட்டான்ஸ்கி எப்படி முடித்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தம்மைவிட 17 வயது இளையவரின் மதிப்புரைக்கு எதிராக அவர் போர் தொடுக்கவில்லை. கையேட்டையே திருத்தி எழுதினார். 1855 முதல் 1861 வரை வெளிவந்த புதிய பதிப்பில் அந்தக் கோட்பாடு இல்லை. ஐரோப்பாவெங்கும் பரவிய ஒரு நூலின் நடுத்தூணை உயிரோடு இருக்கும்போதே தாமே பிடுங்கி எடுக்கும் ஆசிரியர்கள் அபூர்வம். அறிவின் வீச்சில் விர்ச்சோ பெரியவர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தம் பிழையைக் கையாண்ட விதத்தில் நான் வியன்னா பக்கம் நிற்கிறேன்.

அரசியலில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ரொக்கிட்டான்ஸ்கி ஆஸ்திரிய மேலவையில் அமர்ந்தார். விர்ச்சோ பிரஷ்ய நாடாளுமன்றத்தில் பிரதமர் பிஸ்மார்க்கை எதிர்த்து, 1865இல் அவரிடமிருந்து துவந்த யுத்தத்துக்கு அறைகூவல் பெறும் அளவுக்குப் போனார்.

ஓய்வு பெற்ற 1875ஆம் ஆண்டில், 71ஆம் வயதில், ரொக்கிட்டான்ஸ்கி தம் கடைசிப் பெரிய நூலை வெளியிட்டார். அதில் ரத்தமும் இல்லை, பெருங்கோட்பாடும் இல்லை. இதயத்தின் இடச்சுவரிலும் வலச்சுவரிலும் அல்ல, நடுச்சுவரில் பிறவியிலேயே விழும் ஓட்டைகள் எங்கெங்கே அமைகின்றன, கருவில் அந்தச் சுவர் வளரும்போது எந்த இடத்தில் எது தவறுகிறது என்பது மட்டும்தான் பொருள். அன்று அந்த ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. இருந்தும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைத்தார். 1952 செப்டம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸில், உடலைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் திறந்த இதயத்தில் அப்படியொரு ஓட்டையைக் கண்ணால் பார்த்தே தைத்து மூடினார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை.