கணவாய் தாண்டி வந்த சுக்கு

ஆடி மாதத்தில் கோயம்புத்தூருக்கு மேற்கேயிருந்து இரண்டு வரவு உண்டு. ஒன்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, சாரலையும் கூட்டிக்கொண்டு வரும் காற்று. இன்னொன்று அதே வழியில் லாரியேறி வரும் சுக்கு. காற்று மூக்கை அடைத்துவிட்டுப் போகும்; சுக்கு வந்து திறந்துவிடும். சாயங்காலம் சைக்கிள் கேரியரில் டிரம்மைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்கும் சுக்கு காபிக்காரர் இந்த இரண்டையும் நம்பித்தான் பிழைக்கிறார்.

அமெரிக்காவில் குளிர் தொடங்கினால் ஆப்பிள் சாற்றில் பட்டையும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். ஆப்பிளுக்கு அவர்கள் தோட்டத்துக்குப் போனால் போதும். பட்டையும் கிராம்பும் இலங்கையிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கப்பலேறி வர வேண்டும். நம் சுக்குமல்லிக் காபியின் கதையும் ஏறக்குறைய அதுதான். இனிப்பு உள்ளூர், காரம் வெளியூர். கொங்கு நாட்டுப் பானம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்த டம்ளரில் கொங்கு மண்ணில் விளைந்தது பெரும்பாலும் சர்க்கரை மட்டுமே.

முதலில் இஞ்சி. காட்டு இஞ்சி என்று எங்கும் கிடையாது. மனிதன் கைபடாமல் தானாக வளரும் இஞ்சியை யாரும் கண்டதில்லை. விதையும் போடாது. கிழங்கை ஒடித்து நட்டு, அதிலிருந்து வந்ததை ஒடித்து மறுபடி நட்டு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கைமாறிக் கைமாறியே உலகைச் சுற்றியிருக்கிறது. ரோமாபுரியில் பிளினி என்கிற எழுத்தாளர் அதன் விலையை எழுதிவைத்திருக்கிறார்: ராத்தல் 6 தினாரியஸ். மிளகு அப்போது 4 தினாரியஸ்தான். இஞ்சி என்பது மிளகுச் செடியின் வேர் என்று அங்கே சிலர் நம்பியதையும் அவரே மறுத்திருக்கிறார். இடைக்கால இத்தாலிய வணிகர்கள் கொல்லத்து இஞ்சிக்குத் தனிப் பெயர் வைத்துத் தனி விலை போட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை விழுந்ததும் இஞ்சி நடவு. கேரளத்தில்தான் நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். இஞ்சிக்கு அழுகல் நோய் பொல்லாத எதிரி. அதைக் கொண்டுவரும் பித்தியம் என்கிற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு தடவை நட்ட இடத்தில் மறு வருஷமே நடப் பயப்படுவார்கள். அதனால் வயநாட்டு விவசாயிகள் எல்லை தாண்டிக் குடகு, மைசூர், ஹாசன் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடுகிறார்கள்; பிறகு வேறு நிலம் தேடி நகர்கிறார்கள். நம் டம்ளரில் இருக்கும் சுக்குக்கு நிரந்தரமான சொந்த ஊர் கிடையாது. குத்தகைக்காரர் போன இடமெல்லாம் அதன் ஊர்.

கறிக்கு வேண்டிய இஞ்சியை ஆறு மாதத்திலேயே தோண்டிவிடலாம். சுக்குக்கு எட்டு மாதமாவது வேண்டும். முற்ற வேண்டும், இலை மஞ்சளாகி வாட வேண்டும். தோண்டிய கிழங்கை நீரில் ஊறப்போட்டுத் தோலைச் சுரண்டுகிறார்கள். கத்தியால் இல்லை, கூராக்கிய மூங்கில் பிளாச்சால். காரணம் உண்டு. இஞ்சியின் வாசனை எண்ணெய் தோலுக்கு ஒட்டினாற்போல் கீழே இருக்கிறது. ஆழமாகச் சீவினால் வாசனை தோலோடு குப்பைக்குப் போய்விடும். இரும்பு பட்டால் கறையும் ஏறும். இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். நாம் கடையில் கிலோ விலை கேட்டு முகம் சுளிக்கும்போது இந்த மூங்கில் பிளாச்சு நினைவில் இருந்தால் நல்லது.

பிறகு வெயில். ஒரு வாரம், பத்து நாள். நூறு கிலோ பச்சை இஞ்சி காய்ந்து முடியும்போது 20 முதல் 25 கிலோ சுக்குதான் மிஞ்சும். எடை போகிற அந்த நாட்களில் உள்ளே ஒரு மாற்றமும் நடக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. காரத்தில் ஷோகால் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கு மேல். இஞ்சி டீ குடித்தால் நாக்கு சுறுசுறுக்கிறது, சுக்கு காபி குடித்தால் தொண்டை எரிகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். காய்ந்தது என்றால் வலுக்குறைந்தது என்று நினைப்பவர்கள் சுக்கைக் கடித்துப் பார்க்கலாம்.

காய்ந்ததும் சிலதைச் சுண்ணாம்பு நீரில் முக்கி எடுத்து மறுபடி காயவைக்கிறார்கள். மட்டாஞ்சேரியின் பழைய இஞ்சிக் கிடங்குகளில் முற்றம் முழுக்க வெள்ளையாகப் பரந்து கிடப்பது இந்தச் சரக்குதான். பூச்சி அண்டாது, பார்க்க எடுப்பாக இருக்கும், அரபு நாட்டுச் சந்தைக்கு அதுவே பிடிக்கும். என் கட்சி வேறு: பழுப்பும் சுருக்கமுமாக, கொஞ்சம் அழுக்கு முகத்தோடு இருப்பதே வீட்டுக்கு உகந்த சுக்கு.

இனி வழி. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடுகிற பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். மேலைக் கடற்கரையிலிருந்து கரூருக்கும் அதற்கு அப்பாலும் போன பழைய வணிகப் பாதை இதுதான். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் புதையல் புதையலாக ரோமானியக் காசுகள் கிடைத்தது இந்தப் பாதையால். சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இதே பக்கத்தில் ஓடிய சாலையை ராஜகேசரிப் பெருவழி என்று குறிக்கிறது. 1862இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை முடிந்தபோது மாட்டுவண்டிச் சரக்கு ரயிலுக்கு மாறியது. அதன்பின் லாரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் வரிசைகட்டி நின்றதைப் பார்க்காத கோவைக்காரர் இருக்க மாட்டார். ரோமானியர் காலத்துப் பாதையில் மிக மெதுவாகச் சரக்கு நகர்ந்தது அநேகமாக அந்த வரிசையில்தான்.

நகருக்குள் வந்த மளிகைச் சரக்கு சேரும் இடம் ரங்கே கவுடர் வீதி. மொத்தக் கடைகளின் சாக்குகள் நடைபாதையை எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டன. அங்கே சுக்கு தன் ஜோடியைச் சந்திக்கிறது: மல்லி. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மானாவாரியாக விளைகிறது; கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3 என்று ரகங்களையும் தந்தது. ஆனாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு வடக்கிலிருந்து வருகிறது. ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டி நாட்டின் முக்கியமான மல்லிச் சந்தை. மிளகு, திப்பிலி, ஏலக்காய் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவை அக்கம்பக்கத்து மலைச் சரக்கு.

இனிப்புக்கு வருவோம், நம் பங்கு இதில்தான். தெற்கே உடன்குடிக் கருப்பட்டிதான் சுக்கு காபிக்கு முதல் சேர்மானம். கொங்கில் கருப்பட்டியோடு நாட்டுச்சர்க்கரையும் சரிக்குச் சரி. பவானிசாகர் அணை 1955இல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கரும்பும் கரும்பாலைகளும் அந்தப் பாசனப் பகுதியில் பெருகின. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 60 கிலோ மூட்டைகளாக ஏலம் போகும் நாட்டுச்சர்க்கரையைப் பழநி தேவஸ்தானமே பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறது. முருகனுக்குப் போனது போக மீதியில் நமக்கும் ஒரு கரண்டி. நிறம் வெளுக்க வேதிப்பொருள் கலக்கிறார்கள், எடைக்கு வெள்ளைச் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்ற புகார் கருப்பட்டிக்கும் உண்டு, நாட்டுச்சர்க்கரைக்கும் உண்டு. தங்கமாக மின்னுவதை விட்டுவிட்டு மங்கலானதை எடுங்கள்.

மருத்துவப் பெருமை பேசுகிறவர்கள் சுக்கு காபி எல்லாச் சளியையும் அறுக்கும் என்பார்கள். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சளிக்கு வெந்நீரும் ஆவியும் செய்யும் உதவியில் பாதியையாவது நாம் சுக்கின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது என் சந்தேகம். "காரம் தூக்கலாப் போடட்டுங்களா?" என்று கேட்கும் சைக்கிள்காரரிடம் அந்தச் சந்தேகத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. முதல் வாய் இறங்கியதும் சந்தேகமும் இறங்கிவிடும்.

வீட்டில் செய்வது சுலபம். மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலைந்து. மல்லியை மட்டும் லேசாகச் சூடேற வறுங்கள். சிவந்தால் குழம்பு வாசம் வந்துவிடும். சுக்கின் மேல்தோல் ஒட்டியிருந்தால் சுரண்டிவிடுங்கள், சித்த மருத்துவம் அதை நஞ்சு என்றே சொல்லும். முதலில் சுக்கைத் தட்டி நொறுக்கிக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸியின் பிளேடு தாங்காது. பொடி கொரகொரவென்று இருக்கட்டும். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி, தண்ணீரில் ஐந்து நிமிஷக் கொதி. சர்க்கரையைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். பால் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போது நாட்டுச்சர்க்கரை பாலைத் திரித்துவிடும். துளசி அவரவர் விருப்பம்.

பாக்கெட்டில் அரைத்து விற்கும் பொடியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். இத்தனை தூரம் முழுசாக வந்த சரக்கைக் கடைசி அடியில் பாழாக்குவது அதுதான். மல்லியின் வாசம் சீக்கிரம் பறந்துவிடும் எண்ணெய். சுக்கின் காரம் பறக்காதது. அரைத்த பொடி நாள்பட்டால் வாசம் போய் எரிச்சல் மட்டும் நிற்கும். ஆகவே வேண்டும்போது கொஞ்சமாக இடித்து, இறுக மூடிய பாட்டிலில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.