நிமிடத் திருட்டு

காலை 6 மணிக்குத் தொடங்க வேண்டிய பஞ்சாலை 5.45க்கே ஓடத் தொடங்கும். மாலை 6 மணிக்கு நிற்க வேண்டியது 6.15க்குத்தான் நிற்கும். காலைச் சாப்பாட்டுக்கான அரை மணியில் முன்னும் பின்னுமாக 10 நிமிடம் பறிபோகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம். சனிக்கிழமை மொத்தம் 40 நிமிடம். கூட்டினால் வாரத்துக்கு 5 மணி 40 நிமிடம். ஆண்டுக்கு ஏறக்குறைய 27 வேலைநாள்!

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர் லெனர்டு ஹார்னர்.

ஆலைச் சிறுவர்களைக் காக்க அங்கே 1802லும் 1819லும் சட்டங்கள் வந்திருந்தன. கண்காணிப்பு உள்ளூர் நீதிபதிகள் கையில் இருந்ததால் அவை ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தன. 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முறையாக அரசு ஆய்வாளர்களை நியமித்தது. ஏறத்தாழ 3,000 ஆலைகளுக்கு நான்கே பேர். அவர்களில் ஒருவர், மண்ணியல் அறிஞரான ஹார்னர்.

முதல் சிக்கல் வயது. 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பட்டாலை தவிர வேறெங்கும் சேர்க்கக் கூடாது. 13 வயதுக்குள் இருந்தால் வாரம் 48 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். ஆனால் பிள்ளையின் வயதை எப்படி அறிவது? இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837இல்தான். பிள்ளையின் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் பெற்றோரும் வயதைக் கூட்டித்தான் சொன்னார்கள். மருத்துவர்கள் உயரத்தைப் பார்த்துச் சான்று தந்தார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பல்லைப் பார்த்தால் வயது தெரியும் என்று 1837இல் எழுதினார்.

அடுத்த சிக்கல் கடிகாரம். ஆலைக் கடிகாரத்தின் முள் முதலாளி விருப்பப்படி முன்னே ஓடியது, பின்னே நகர்ந்தது. அதனால், ரயில் நிலையக் கடிகாரம் போன்ற ஒரு பொதுக் கடிகாரத்தையே ஆலைகள் பின்பற்ற வேண்டும் என்று 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

1847இல் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தது. முதலாளிகள் அதற்கும் வழி கண்டார்கள். காலை 5.30 முதல் இரவு 8.30 வரையிலான 15 மணி நேரத்தில் தொழிலாளர்களைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்தார்கள், வெளியே அனுப்பினார்கள். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எந்த ஆய்வாளராலும் நிறுவ முடியவில்லை. ஹார்னர் வழக்குத் தொடுத்தார். 1850 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமோ இந்த முறை சட்டத்துக்கு விரோதமில்லை என்றது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சமரசம் செய்தது. வார வேலை 60 மணியாகக் கூடியது. ஆனால் காலை 6 முதல் மாலை 6 வரை, அல்லது 7 முதல் 7 வரை என்று எல்லை உறுதியானது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஆலையை விட்டுவிட வேண்டும். இப்போது ஆய்வாளருக்கு வேலை எளிது. அந்த எல்லை தாண்டி ஒரு பெண் இயந்திரத்தின் முன் நின்றால் அதுவே குற்றம். குழந்தைகளுக்கு இதே எல்லை கிடைக்க 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரிய வழி அடைபட்ட பிறகு மீண்டும் நிமிடங்களில் கைவைத்தார்கள். பிடிபட்டால் அபராதம். கூடுதல் நேரத்தில் கிடைத்த லாபமோ அபராதத்தைவிடப் பெரிது என்று ஆய்வாளர்களின் அறிக்கைகளே சொல்லின. அந்த லாபக் கணக்குக்கு எதிராகத்தான் ஹார்னர் தன் 27 நாள் கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். 1859இல் ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 74.

(தொடரும்)